தோன்றுவது உயிரோ, உடலோ?



பல்லாண்டுகளுக்கு முன்னர் யாம் மாணாக்கர் சிலர்க்குச் சிவஞான சித்தியார் பாடஞ் சொல்லி வருங்காலத்து, நால்வகைத் தோற்றங் கூறும் பகுதி வந்தது. முட்டையிற் பிறப்பன அண்டசம், நிலம் பிளந்து முளைப்பன உற்பிச்சம், கருப்பையிற் பிறப்பன சராயுசம், வியர்வையிற் பிறப்பன சுவேதசம் என வகுத்துச் சுவேதசத்திற்குப் பேனை உதாரணங் காட்டினோம். அப்பொழுது இளைஞரொருவர் எழுந்து, "ஐயா, பேன் வியர்வையிற் பிறக்குமாயின் ஈர் என்பது யாது?" என்று பணிவுடன் வினவினார். யாம் "ஆன்றோர் வாக்கில் ஐயுறலாகாது" என்று கூறி அவரை இருத்திவிட்டோம். அவர் மறுநாளும் பாடத்திற்கு வந்தார். ஆயின் அதன்பின் ஒன்றும் வினவிலர். அம்மௌனம் இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது. அன்று அவர்க்குக் கூறியிருக்க வேண்டிய விடையை இன்று கூறப் புகுகின்றோம்.

பேன் ஈரினின்று வருதலை அறிதற்கு மேனாட்டு நூல் வேண்டா. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குதல் என்பது நம் நாட்டுப் பழமொழி. பேர்த்தியின் தலைவாரும் பாட்டி, பேனை எடுத்து ஈரை விட்டுவைப்பதில்லை. வீட்டில் யாவரும் அறிந்ததனை யாம் பாடசாலையில் மறந்தோம்.

இனி, ஈரத்தினும் அழுகலினும் சிற்றுயிர்கள் தாமே பிறக்கும் என்னுங் கொள்கை நம் நாட்டிற்கே உரியதன்று. கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டிலும் அவ்வாறே கொண்டார். அதனை முதற்கண் செவ்வனே ஆராய்ந்தவர் இத்தாலி தேசத்து மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி என்பார். சைவ அன்பர்கள் பொறுத்தருள்க; அவர் செய்த சோதனையைச் செய்தபடியே கூறல் வேண்டும். 1668-இல் அவர் இறைச்சியைச் சில கலங்களில் திறந்தும் சிலவற்றில் மெல்லிய துகிலால் மூடியும் வைத்தார். திறந்த கலங்களிற் புழு நெளிந்தது. மூடிய கலங்களில் இறைச்சி அழுகியதேயன்றிப் புழுத்திலது. ஈக்கள் துகிலின்மீதே முட்டையிட்டன. எனவே, அழுகல் புழுவைப் பிறப்பிப்பதன்று, புழுவிற்கு உணவாவதே என்பது பெறப்பட்டது.

பின்னர், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களாயினும் தாமே பிறவாவோ என்னும் ஐயம் எஞ்சியது. பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர் 1859 முதற்கொண்டு சில ஆண்டுகள் இதனை ஆராய்ந்தார். அன்னத்தின் கழுத்தென வளைந்த குழாயுடைய குடுவையிற் சாறு பெய்து கொதிப்பித்தார். காற்று உட்புகுந்தது, தூசியோ வளைவிலே தங்கிற்று, சாறு கெடாதிருந்தது. கழுத்தை ஒடித்துத் தூசி விழ விட்டபின் நுண்ணுயிர்கள் மல்கின. உயிருடைய உடல் உயிருடைய உடலினின்றே வருகின்றது என்பது இவ்வாறு நிலைபெற்றது.

அற்றேல், சுவேதசம் என்றல் பொருந்துமாறு என்னை எனின், கூறுதும். வியர்வையின் வெப்பமும் ஈரமும் முட்டை பொரித்தற்குத் துணைக்காரணம். முதற்காரணம் அல்ல என்று கொள்க. ஆயினும், பண்டையோர் இந்நுட்பமெல்லாம் அறிந்தே அங்ஙனம் பெயரிட்டனர் என்று சாதித்தல் வேண்டா. அவர் கண்ணுக்குத் தோன்றியவாறு உலகவழக்குப் பற்றிக் கூறினர். வினைக்கீடாக உயிர் பல்வேறுடல் எடுத்து உழலும் என்பதே ஆண்டு நூற்கருத்து. காட்சிக்கும் கருதலுக்கும் எட்டாப் பொருளை உணர்த்த வந்தது ஆகமம். பேனோ சீப்பிற்கு எட்டும் பொருள். காட்சிக்குரிய பொருளில் மாசற்ற காட்சியை மறுப்பவர் ஆகமத்தின் பெருமையைக் காப்பவர் ஆகார்.

இனி, இதனினும் பெரியதோர் வினா உளது. உடல் உடலினின்றே வருமாயின், முதலுடல் எதனின்று வந்தது? உருசியா தேசத்து ஓப்பாரின் 1924-இலும், ஆங்கிலேயராகிய ஹால்டேன் 1929-இலும், ஆதியில் நிலவுலகின் நீரிலும் வாயுவிலும் இருந்த சடப்பொருள்கள் படிமுறையிற் கூடி உயிருடைய உடலாயின என்று எழுதினர். ஹால்டேன் 1957-இல் நம் பாரத நாட்டிற் குடிபுகுந்து 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். அமெரிக்க தேசத்து மில்லர் 1953-இல் மீத்தேன், அம்மோனியா, நீரகவாயு, நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்திற்குள் கிளைசீன் முதலிய அமினோ அமிலங்கள் தோன்றின. 1969-இல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்னும் ஊரில் விழுந்த விண்கல்லிலும் அத்தகைய அமிலங்கள் காணப்பட்டன.

இவை உடலாகிய வீட்டிற்குச் செங்கல் போல்வன, வீடு அல்ல. மில்லர் கொண்ட வாயுக்கலவை ஆதியில் அவ்வாறே இருந்ததோ என்று விஞ்ஞானிகளே பின்னர் ஐயுற்றனர். இற்றைநாள்வரை எவரும் சடப்பொருள்களை மட்டும் கூட்டி உயிருடைய உடலொன்றை ஆக்கிலர்.

இதனைக் கேட்டு நம்மவர் சிலர் "வென்றோம்" என்று மகிழ்வர். அன்பர்காள், அம்மகிழ்ச்சி வேண்டா. பிறர் இன்னும் செய்யாமையைத் தூணாக நிறுத்திச் சித்தாந்தமாகிய மண்டபத்தைக் கட்டலாமோ? நாளை ஒருவர் செய்துவிடின் மண்டபம் விழுமன்றோ? நம் மண்டபத்திற்கு அத்தூண் வேண்டுவதில்லை. என்னை? உயிர் அநாதி என்பது நம் துணிபு. அது தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை. தோன்றுவது தனு கரணங்களே. அவை மாயையின் காரியம், சடம். சடத்தினின்று சடவுடல் தோன்றிற்று எனின் நமக்கு இழுக்கு யாது? தாயும் தந்தையும் மகவின் உயிரை ஆக்குகின்றிலர். உயிர் தங்குதற்குரிய உடலுக்கு வாயிலாகின்றனர். கண்ணாடிக் கலமொன்று அவ்வாறு வாயிலாகுமாயின், அதுவும் ஓர் கருப்பையே. அக்கலத்தில் வினைக்கீடாக உயிரைக் கூட்டுவிப்பவன் இறைவனே.

எனவே நாம் மறுக்க வேண்டுவது விஞ்ஞானியின் சோதனையை அன்று. அச்சோதனையின்மேல் உலகாயதர் ஏற்றும் முடிவினை. வெற்றிலை பாக்குச் சுண்ணாம்பு கூடிய இடத்துச் சிவப்புத் தோன்றுமாறு போலப் பூதங்கள் கூடிய இடத்து அறிவு தோன்றும் என்பது அவர் பழங்கொள்கை. சிவப்பைப் பிறர் கண் காண்கின்றது. சிவப்புத் தன்னைச் சிவப்பென அறியுமோ? அறிவோ தன்னையும் அறிந்து பிறவற்றையும் அறிகின்றது. அறியப்படும் பொருள்கள் எத்துணை கூடினும் அறியப்படும் பொருளேயாம், அறிவானாதல் யாங்ஙனம்? இவ்வினாவிற்குக் குடுவையிலும் விண்கல்லிலும் விடை கிடைத்திலது.

அமினோ அமிலங் கண்டு உயிரைக் கண்டோம் என்பாரும், விஞ்ஞானமனைத்தும் நம் நூலில் முன்னரே உளது என்பாரும் ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவோரே. நாம் இரண்டிடத்தும் நில்லாது, உடலின் வரலாற்றை ஆராய்வாரிடம் கேட்டு, உயிரின் வரலாற்றை அருள்நூலிற் கேட்போமாக.

மடங்களிலும் பாடசாலைகளிலும் கற்பிக்கும் பெரியோர்க்கு எம் விண்ணப்பம் ஒன்று. மாணாக்கர் ஒருவர் எழுந்து வினவுவாராயின், அவரை இருத்திவிடாதீர்கள். எம்மிடத்து அன்று வாய்மூடிய அவ்விளைஞர் இன்று எங்குளரோ அறியோம். இதனைக் காண்பாராயின் எம்மைப் பொறுப்பாராக.

திருச்சிற்றம்பலம்.