கிரேடு நான்கு என்று எதைச் சொல்கிறோம்?

புற்றுநோய் என்றதும் நம்மூரில் முதலில் வரும் கேள்வி, "எந்த ஸ்டேஜ்?" மூளையிலேயே தோன்றும் கட்டிகளுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாகப் பொருந்தாது. அவை மூளையையும் தண்டுவடத்தையும் தாண்டி வேறு உறுப்புக்குப் போவது மிக அரிது. அதனால் எவ்வளவு தூரம் பரவியது என்று அளப்பதைவிட, எவ்வளவு மூர்க்கமானது என்று சொல்வதுதான் இங்கே வழக்கம். அதுதான் கிரேடு, ஒன்றிலிருந்து நான்கு வரை. தமிழில் 'தரம்' என்று எழுதுகிறார்கள். தரம் உயர்ந்தால் நல்லது என்று பழகிய காது நமக்கு. இங்கே உயர உயர ஆபத்து. நான் கிரேடு என்றே வைத்துக்கொள்கிறேன்.

1949-இல் மேயோ கிளினிக்கின் கெர்னோஹன் குழு நான்கு கிரேடுகளை முன்வைத்தபோது நுண்ணோக்கியில் தெரிந்ததுதான் ஆதாரம். செல்கள் எவ்வளவு உருக்குலைந்திருக்கின்றன, எத்தனை பிரிந்துகொண்டிருக்கின்றன என்று பார்த்தார்கள். பின்னாளில், தாறுமாறாக முளைத்த ரத்தக் குழாய்களோ நடுவே செத்துப்போன திசுவோ இருந்தால் நான்கு என்பது நடைமுறையானது. கண்ணால் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டலாம்.

2008-இல் கிளியோபிளாஸ்டோமாவின் மரபணுக்களைப் படித்தவர்கள் சிலரது கட்டிகளில் ஐ.டி.எச்.1 என்ற மரபணு மாறியிருப்பதைக் கண்டார்கள். பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்துப் பிழை. புரதத்தின் 132-ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மாறிய நொதி, 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற பொருளைச் செல்லுக்குள் குவிக்கிறது; அதனால் டி.என்.ஏ. மேல் மெத்தில் குறிகள் நீங்காமல் சேர்ந்துகொண்டே போகின்றன. கட்டியைத் தொடங்கி வைப்பதே இந்தப் பிழைதான் என்று கருதுகிறார்கள். ஆனாலும் இந்தப் பிழை உள்ளவர்கள் இல்லாதவர்களைவிடக் கணிசமாக அதிக காலம் வாழ்கிறார்கள்!

2021-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு இதை விதியாகவே ஆக்கிவிட்டது. ஐ.டி.எச். மாறிய கட்டிக்கு இனி கிளியோபிளாஸ்டோமா என்ற பெயரே கிடையாது. அதில் சி.டி.கே.என்.2ஏ/பி மரபணுவின் இரு பிரதிகளும் தொலைந்திருந்தால், செத்த திசு இல்லாவிட்டாலும் கிரேடு 4. இன்னொரு பக்கம், பெரியவர்களுக்கு வரும், ஐ.டி.எச். மாறாத, சிலைடில் சாதுவாகத் தெரியும் ஆஸ்ட்ரோசைட் வகைக் கட்டி ஒன்று. டெர்ட் மரபணுவின் முகப்பில் மாற்றம், இ.ஜி.எஃப்.ஆர். பெருக்கம், 7-ஆம் குரோமோசோம் கூடி 10-ஆம் குரோமோசோம் குறைதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். அதுவும் கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4.

இங்கேதான் எனக்குக் கேள்வி. இன்னும் செய்யாத குற்றத்துக்குத் தீர்ப்பு எழுதுவது போல இல்லையா இது? கண்ணுக்கு இரண்டாகத் தெரிவதை நான்கு என்கிறோம், ஏனென்றால் அது நான்கு போல நடந்துகொள்ளப் போகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், கிரேடு எப்போதுமே ஜோசியம்தான். செத்த திசு முக்கியமானதும் அப்படித்தான்: அது இருந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். மூலக்கூறு வந்தபின் ஜோசியம் இன்னும் சரியாகப் பலிக்கிறது, அவ்வளவே. மேலும் கிரேடு தண்டனை அல்ல. "ரெண்டுதான், பொறுத்துப் பார்ப்போம்" என்று அந்தச் சாதுக் கட்டியை விட்டுவைத்தால் கைவிட்டுப் போவது விலைமதிப்பில்லாத மாதங்கள். ஆகவே அந்தப் பெயர்மாற்றம் நியாயம் என்றே நினைக்கிறேன்.

நியாயமில்லாதது, எண்ணை மட்டும் நீட்டுவது. 2005-இல் வெளியான பெரிய ஆய்வில் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு பெற்ற கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 14.6 மாதம். அதே குழுவில் 26.5 சதவீதம் பேர் இரண்டாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள். "பதினஞ்சு மாசம்" என்று ஒருவரிடம் சொல்வது அந்தக் குழுவில் பாதிப் பேருக்கு மிகை, பாதிப் பேருக்குக் குறை. ஸ்டீபன் ஜே கோல்ட் 1982-இல் எட்டு மாத இடைநிலை ஆயுள் கொண்ட ஒரு புற்றுநோயோடு இருபதாண்டு வாழ்ந்தார். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று ஆறுதல் சொல்ல அவரை இழுப்பதும் பொய்தான். கிளியோபிளாஸ்டோமாவில் அந்த நீண்ட வால் மெலிந்தது.

இன்னொன்று. மூலக்கூறுப் பரிசோதனை செய்ய முடியாதபோது அறிக்கையில் என்.ஓ.எஸ். என்று எழுதச் சொல்கிறது அதே வகைப்பாடு. இதற்குமேல் பிரித்துச் சொல்லப்படவில்லை என்று பொருள். ஆய்வகத்திடம் வசதி இல்லாமலோ குடும்பத்திடம் பணம் இல்லாமலோ இருக்கலாம். எனக்கு இது மருத்துவத்தின் மிக நேர்மையான மூன்றெழுத்தாகப் படுகிறது. ஆனால் வீட்டுக்குப் போகிறவர்கள் எண்ணைத்தான் படிக்கிறார்கள். அந்த மூன்றெழுத்தை யாரும் விளக்குவதில்லை. 2024-இல் அமெரிக்காவில் வோராசிடெனிப் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. ஐ.டி.எச். மாறிய கிரேடு 2 கட்டிகள் வளர்வதை அது தள்ளிப்போடுகிறது. விலை நம்மில் பலருக்கு எட்டாது, அது வேறு சண்டை. தன் கட்டியில் அந்த எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கப்படவே இல்லை என்பது, அந்த அறிக்கையைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியவேண்டாமா?