பெயரும் சான்றும்

சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ள சுவா சூ காங் என்னும் ஊரின் பெயர் சீனரின் தியோச்சியூ மொழியில் பிறந்தது. சுவா என்பது ஒரு குடிப்பெயர். சூ என்பது வீட்டையும் காங் என்பது ஆற்றையும் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரைக் காடுகளை அழித்து மிளகும் கேம்பியரும் பயிரிட்ட குடியேறிகளுக்குத் தலைவன் ஒருவன் இருந்தான். அவனுடைய குடிப்பெயரே ஊருக்குப் பெயராயிற்று. மரங்களை வெட்டிச் சாய்த்த கூலிகளுக்கோ, அக்காலத் தோட்டங்களில் புலிக்கு இரையானோருக்கோ பெயர் எதுவும் எஞ்சவில்லை. இதனை உலகம் ஓர் அநீதியாகக் கருதுவதில்லை. பெயர் என்றால் அப்படித்தான் என்று அமைந்துவிடுகிறது. ஆயினும், ஒரு பெயர் நிலைத்திருப்பதே அப்பெயருக்கு உரியவரின் தகுதிக்குச் சான்றாகுமா என்னும் வினா எளிதில் அடங்குவதன்று.

ஊர்ப்பெயருக்கு நேர்ந்ததே பயிர்ப்பெயருக்கும் நேர்கிறது. சுவா சூ காங்கின் அடுக்குமாடி வீடுகளில் எந்நாளும் சமையலுக்கு உதவும் தக்காளியையே எடுத்துக்கொள்ளலாம். அச்செடி தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. ஐரோப்பியர் கப்பல்களின் வழியே ஆசியாவுக்கு வந்தது. தக்காளி என்னும் சொல்லோ அதற்கு முன்னரே தமிழில் வாழ்ந்தது. மணத்தக்காளியும் சிறுதக்காளியும் நம் வேலியோரத்துச் சிறு கனிகள். புதிதாய் வந்த பெருங்கனியை முதலில் சீமைத்தக்காளி என்றே தமிழர் வழங்கினர். பின்னர் ‘சீமை’ உதிர்ந்தது. வந்தேறிய கனி சொல்லை முழுவதும் தனதாக்கிக்கொண்டது. இதில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. பழைய நூலில் தக்காளி என்று கண்டவுடன் இன்றைய செந்நிறக் கனியை எண்ணிக்கொள்ளும் மாணவன் மட்டும் சற்றே ஏமாறுவான்.

இத்தக்காளியின் மரபு வகைகளுக்கு அமெரிக்காவில் வழங்கும் பெயர்களில் சிக்கல் இன்னும் மிகுதி. டென்னசி மாநிலத்திலிருந்து ஒருவர் அஞ்சலில் விதைகளை அனுப்பி, இவை நூறாண்டுகளுக்கு முன்னர்ச் செரோக்கிப் பழங்குடியினரிடமிருந்து கிடைத்தவை என்று எழுதினார். அவ்விதைகளை 1990இல் பெற்று விளைவித்த கிரெக் லெஹூலியர் அவ்வகைக்குச் ‘செரோக்கி ஊதா’ எனப் பெயரிட்டார். அவர் பொய் கூறவில்லை, கேட்டதை நம்பினார். ஆனால், ஓர் இனத்தாரின் பெயர் ஒரு கடிதத்தின் வலிமையால் உலகெங்கும் விதை உறைகளில் ஏறிவிட்டது. ‘மார்ட்கேஜ் லிஃப்டர்’, அதாவது அடமானம் தீர்ப்பது, என்னும் வகைக்கு மேற்கு வர்ஜீனியாவிலேயே இருவர் மூலவராகச் சொல்லப்படுகின்றனர். ஒருவர் பைல்ஸ், நாற்று ஒன்று ஒரு டாலராக விற்று, 6000 டாலர் கடனை ஆறே ஆண்டுகளில் அடைத்தாராம். மற்றவர் எஸ்ட்லர் என்னும் உழவர். கதைநயம் முன்னவரிடம் இருப்பதால் பலர் நினைவில் அவரே நிற்கிறார். நயமான கதை மெய்யான கதையை வென்றுவிடக்கூடும் என்பதே இங்கு அஞ்சத்தக்கது.

சிங்கப்பூருக்கும் இத்தகைய வழக்கு ஒன்று உண்டு. அது கனியைப் பற்றியதன்று, மலரைப் பற்றியது. அதனைத் தொடுத்தவர்கள் தாம் ஒரு வழக்குத் தொடுப்பதாகவே எண்ணவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரோ மறுமொழி கூற உயிரோடு இல்லை.

ஆக்னஸ் ஜோக்கிம் தஞ்சோங் பகாரில் வாழ்ந்த ஆர்மேனியக் குடும்பத்துப் பெண்மணி. தோட்டக்கலையில் பெயர் பெற்றவர். அவர் கொணர்ந்து காட்டிய ஆர்க்கிட் மலரைத் தாவரவியல் தோட்டத்தின் தலைவர் ஹென்றி ரிட்லி ஆராய்ந்தார். 1893இல் இலண்டனின் ‘கார்டனர்ஸ் கிரானிக்கிள்’ இதழில் அதனை விளக்கி எழுதி, ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ எனப் பெயரிட்டார். வாண்டா ஹூக்கெரியானா, வாண்டா டெரெஸ் என்னும் இரண்டையும் ஜோக்கிம் அம்மையார் கலந்து இப்புதுமலரை உண்டாக்கினார் என்பது ரிட்லி எழுதியதன் பொருள். 1899ஆம் ஆண்டு சிங்கப்பூர் மலர்க்காட்சியில் அம்மலருக்கு முதற்பரிசு கிடைத்தது. அவ்வாண்டு ஜூலையிலேயே அம்மையார் தம் 45ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மறைந்த பின்னர் ஐயம் எழுந்தது. தோட்டத்து மூங்கிற்புதரின் நடுவே தற்செயலாகப் பூத்திருந்த மலரை அவர் கண்டெடுத்தார் என்று குடும்பத்தார் வழியாக ஒரு கதை பரவிற்று. வண்டுகளே மகரந்தத்தைச் சேர்த்திருக்கும் என்றனர் சிலர். ஆர்க்கிட் விதையை ஊட்டக்கூழில் முளைக்கவைக்கும் நட்சனின் முறை 1922இல்தான் வெளிப்பட்டது. அதற்கு முன்னர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெண்ணால் இது இயலுமா என்றும் கேட்டனர். அறிஞர் சிலரும் இக்கருத்தை ஏற்றனர். கண்டெடுத்தவர் என்று எழுதிய நூல்கள் பல.

இவ்வாதங்களை நிறுத்துப் பார்த்தல் தகும். நட்சனுக்கு 66 ஆண்டுகள் முன்னரே, 1856இல், இங்கிலாந்தில் ஜான் டோமினி என்னும் தோட்டக்காரர் கையால் கலந்து வளர்த்த ஆர்க்கிட் பூத்துவிட்டது. விதையைத் தாய்ச்செடியின் வேரடியில் தூவி வளர்க்கும் வழியைத் தோட்டக்காரர்கள் அறிந்திருந்தனர். எனவே ‘இயலாது’ என்னும் வாதம் நிற்காது. ‘அரிது’ என்பது மட்டும் நிற்கும். வண்டின் வாதமும் அத்துணை வலிதன்று. பெற்றோரில் டெரெஸ் என்பது பர்மா, வடகிழக்கு இந்தியா முதலிய நாடுகளின் செடி. சிங்கப்பூர்க் காட்டில் தானே விளைவதன்று. வண்டே சேர்த்தது என்று கொண்டாலும், இரண்டையும் ஒரு மண்ணில் கொணர்ந்து வைத்தது மனிதக் கைதானே. மரபணு ஆய்வு தாய்ச்செடி எது என்று கூறும். மகரந்தத்தைச் சுமந்தது வண்டின் காலா, அம்மையாரின் விரலா என்று அதனால் கூற இயலாது.

ஆதலின், நிகழ்ந்த காலத்திலேயே வாழ்ந்து, அம்மையாரையும் மலரையும் நேரில் அறிந்து எழுதிய தாவரவியலாரின் சொல் ஒருபுறம். பல்லாண்டுகளுக்குப் பின்னர் வாய்மொழியாக வந்த கதை மறுபுறம். சான்று கேட்பது அறிவுக்கு அழகு. ஆனால், ஐயம் கொள்பவரும் தம் ஐயத்துக்குச் சான்று தர வேண்டாவா? ஆக்கியவர் ஓர் ஆடவராக, ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருந்திருப்பின் மூங்கிற்புதர் இவ்வளவு எளிதில் முளைத்திருக்குமா என்று கேட்பதும் முறையே.

கண்டெடுத்தவர் என்றே வைத்துக்கொண்டாலும் பெருமை குறைந்துவிடுமா என்று சிலர் சமாதானம் கூறுவர். ஆயிரம் பூக்களிடையே ஒன்றின் புதுமையை உணர்ந்து, பேணி, அறிஞரிடம் சேர்ப்பித்ததும் அருஞ்செயலே. எனினும் இச்சமாதானம் இனிமையாக இருப்பதால் மட்டும் ஏற்கத்தக்கதன்று. ஒருவர் செய்ததைச் செய்யவில்லை என்று கூறிவிட்டு, வேறொரு புகழை ஈடாக அளிப்பது கடனைத் தீர்ப்பதாகாது.

1981 ஏப்ரல் 15ஆம் நாள், 40 மலர்களிடையே இம்மலர் நாட்டின் தேசிய மலராகத் தேர்வு பெற்றதை அந்நாள் பண்பாட்டு அமைச்சர் சு. தனபாலன் அறிவித்தார். அதன்பின் 35 ஆண்டுகள் கழிந்து, 2016இல், தேசிய மரபுடைமைக் கழகம் ஆக்னஸ் ஜோக்கிமை மலரை உருவாக்கியவராக அதிகாரபூர்வமாக ஏற்றது. தாவரவியலார் இரு பெற்றோர்ச் செடிகளையும் பாப்பிலியோனாந்தே என்னும் வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டனர். மரத்தைப் பற்றி வாழும் செடியைக் குறித்த வடசொல்லிலிருந்து வந்த ‘வாண்டா’, அறிவியல் ஏட்டிலிருந்து நீங்கிற்று. மக்கள் வாயில் மட்டும் நீங்கவில்லை. வகுப்பறையில் இம்மலரைப் பற்றிக் கூறும் ஆசிரியர் 1893ஆம் ஆண்டுக் குறிப்பை முதலில் கூறி, மூங்கிற்புதரைப் பின்னாள் கதை என்னும் அடைமொழியோடு கூறுவாராயின், எதனை எவ்வளவு நம்பலாம் என்பதை மாணவரே நிறுத்துக்கொள்வர்.