மடங்காத முழங்கால்



எழுந்தேற்ற மணி அடிக்கையில் சகலரும் முழந்தாளிட, ஒருவர் மாத்திரம் காலை நேரே நீட்டிக்கொண்டு பெஞ்சோரத்தில் உட்கார்ந்திருந்தால், அவரைப் பக்தியற்றவரென்று முணுமுணுப்பது பிறர்சிநேகத்துக்கு விரோதம். அந்தக் காலுக்குள் முழங்கால் மூட்டே இல்லாதிருக்கலாம். க்ஷயரோகமோ சீழோ மூட்டை அரித்தபோது, வைத்தியர்கள் தொடையெலும்பையும் காலெலும்பையும் ஒன்றாய் ஒட்டவைத்துக் காலைக் காப்பாற்றினார்கள். இரு எலும்புகளையும் இறுக்கி அழுத்தி ஒட்டவைக்கும் முறையை இங்கிலாந்தின் சார்ன்லி என்பவர் 1948-ல் எழுதி வெளியிட்டார். அப்படி ஒட்டிய கால் பாரம் தாங்கும், நோவும் பெரும்பாலும் இராது, ஆனால் மடங்காது. பஸ்ஸில் அடுத்தவர் காலில் இடிக்கும். வருஷங்கள் செல்லச் செல்ல இடுப்பும் முதுகும் மற்ற முழங்காலும் அதற்காக உழைத்து ஓய்ந்துபோகும்.

இப்போது அந்த ஒட்டைப் பிரித்து, உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலுமான செயற்கை மூட்டு வைக்கிறார்கள். "சாமி, சர்வேசுரன் தந்த சிலுவையை இறக்கி வைக்கிறதாகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. அர்ச். இஞ்ஞாசியார் 1521-ல் பாம்பலோனாவில் குண்டடி பட்டபின், முழங்காலின் கீழ் துருத்திய எலும்பைப் பூட்ஸின் அழகுக்காகவே அறுக்கச் சொன்னார். அது வீண் பெருமை. நாற்காலியில் மனுஷனைப்போல் உட்கார ஆசைப்படுவது பெருமையல்ல.

ஆயினும் அவசரப்படாதீர்கள். இது சாதாரண மூட்டு மாற்று சிகிச்சையல்ல. பல வருஷம் வேலையின்றிக் கிடந்த தொடைத் தசை திரும்பப் பலப்பட வேண்டும். பழைய தழும்புள்ள தோல் ஆறாமல் அழுகலாம், சீழ் பிடிக்கலாம். சிலருக்கு மறுபடியும் ஒட்டவைக்க நேரிடும்; சிலர் காலையே இழந்திருக்கிறார்கள். நன்றாய் முடிந்தாலும் அநேகருக்கு நாற்காலியில் உட்காருமளவே மடங்கும். கோவிலில் முழந்தாளிடுவதற்கென்றே போகிறவர் ஏமாந்துபோவார். முடியாதவரைத் திருச்சபை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை, தலைவணங்கினால் போதும்.

தனக்கோ பிறருக்கோ பெரும் பாரமாகிற சிகிச்சையை ஏற்கக் கடமையில்லையென்று 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1957-ல் போதித்தார். ஆகையால் வேண்டாமென்கிறவரைக் கோழையென்று வீட்டார் ஏசலாகாது; வேண்டுமென்கிறவரைப் பேராசைக்காரனென்றும் சொல்லலாகாது. நோவின்றி நடக்கிறவர் அப்படியே இருப்பது நலமென்பது என் எண்ணம். முதுகு ஒடிகிறவர் விஷயம் வேறு.

போகிறவர் டாக்டரிடம் கூசாமல் கேளுங்கள்: தொடைத் தசையும் முழங்காற்சில்லும் உபயோகப்படுமா? பழைய வியாதி அடியோடு அற்றதா? இப்படிப்பட்ட காலை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? தவறினால் அடுத்து என்ன? பதில் தெளிவாயில்லையானால் வேறொரு டாக்டரையும் பாருங்கள்.

தீர்மானமானதும் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கிப் புறப்படுங்கள். திரும்பிய பிறகு பல மாதம் தினமும் காலை மடக்கிப் பழக வேண்டும். வலியில் அழுகையும் வரும். கூட இருக்க ஆளில்லாத வீடுகளுக்கு வின்சென்ட் தே பவுல் சபையார் முறைவைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமைக்குள் என்னிடம் பெயர் கொடுங்கள்.