பழைய வண்டியும் மறைந்த கைகளும்

பழுதடைந்த பொருளொன்றை அதன் பழைய நிலைக்கு மீட்கிறோம் என்று ஒருவர் கூறும்போது, எந்த நிலைக்கு, யாருக்காக என்று கேட்பது அவசியமாகிறது. கோயிலைக் குறித்தும் ஓவியத்தைக் குறித்தும் இவ்வினாவை எழுப்பப் பழகிய நாம், மோட்டார் வண்டியைச் சீமான்களின் விளையாட்டுப் பொருளென ஒதுக்கிவிடுகிறோம். சீமான்களின் பொருள்தான், ஆயின் அதனைச் செய்தவர்கள் சீமான்களல்லர்.

இத்தாலியின் மொடெனா நகரத்து மசராட்டி நிறுவனம் 1957 முதல் 1964 வரை செய்த ‘3500 ஜீ.ரீ.’ வண்டியை எடுத்துக்கொள்வோம். நெடுந்தூரத்தை விரைவாகவும் சொகுசாகவும் கடப்பதற்கென்றே பிறந்த ‘கிரான் துரிஸ்மோ’ இனத்தைச் சேர்ந்தது அது. மூன்றரை லீற்றர் எஞ்சின் மொடெனாவில் உருவாயிற்று. மூடிய வண்டிகளின் மேலுடலை மிலான் நகரத்துத் தூரிங் பட்டறை அமைத்தது. மெல்லிய உருக்குக் குழாய்களாற் கூடு கட்டி, அதன்மேல் கையால் அடித்து வளைத்த அலுமினியத் தகட்டைப் போர்த்துவது அப்பட்டறையின் முறை. அதற்குச் ‘சுப்பர்லெஜெரா’, அதாவது ‘மிக இலேசானது’, என்று பெயர்.

அந்த இலேசிலேயே அழிவும் குடியிருந்தது. உருக்கும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரம் புகுந்தால், அலுமினியம் அரிபட்டு வெண்பொடியாக உதிரும். குழாயும் தன் பங்குக்குக் கறள் பிடிக்கும். வெளியே வர்ணம் மினுங்க, உள்ளே கூடு உளுத்திருக்கும். ஆகவே இவ்வண்டியை மீட்பவர் தகட்டைக் கழற்றி, கெட்ட குழாயை வெட்டி, புதியதை ஒட்டவேண்டியிருக்கிறது. இதில் எவருக்கும் ஆட்சேபமிராது.

சங்கடம் அதன் பின்னரே தொடங்குகிறது. கையால் அடித்த உடலின் இடப்புறமும் வலப்புறமும் முற்றாக ஒத்திருப்பதில்லை. சில மில்லிமீற்றர் வேறுபடும். இன்றைய ஏலச் சந்தைக்கு அவ்வேறுபாடு குறை. எனவே இருபுறமும் சமப்படுத்தப்படுகின்றன. பட்டறையிலிருந்து வெளிவந்த நாளிலும் இல்லாத பளபளப்பு ஏற்றப்படுகிறது. பின்னர் அதற்கு ‘அசல்’ என்று பெயரிடுகிறார்கள்! எஞ்சினில் பொறித்த இலக்கம் ஏட்டிலுள்ள இலக்கத்தோடு ஒத்திருக்கவேண்டுமென்று பிடிவாதம் செய்பவரே, தகட்டில் பதிந்த மனிதக் கையை அழிக்கத் தயங்குவதில்லை.

அந்தத் தொழிலாளி உயிரோடிருந்தால் தன் பிழை திருத்தப்படுவதையே விரும்பியிருப்பான் எனலாம். இருக்கலாம்; நல்ல தொழிலாளி எவனும் அப்படித்தான். ஆனால் அவன் தன் வேலையைத் தானே திருத்துவது வேறு. அவன் இருந்ததற்கான தடயத்தைப் பிறர் விலைக்காகத் துடைப்பது வேறு. பழம்வண்டிகளுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012-இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், வண்டியின் வாழ்க்கைத் தடயங்களைப் பேணுமாறும், புதிதாகச் சேர்த்தவற்றை அடையாளங் காணத்தக்கதாக வைக்குமாறும் கேட்கிறது. நேர்மையான கோரிக்கை. எனினும் சாசனத்துக்கு ஏலத்தில் விலையில்லை.

வண்டியோடு கைமாறும் ‘வரலாற்று’க் கோப்பிலும் இதே துடைப்புத்தான். முதல் உரிமையாளர் யார், தோலின் நிறமென்ன, எந்தப் பந்தயத்தில் ஓடியது என்பனவெல்லாம் அதில் உண்டு. மசராட்டியை அப்போது உடைமையாக வைத்திருந்த ஓர்சி குடும்பத்துக்கே மொடெனாவின் வார்ப்புத் தொழிற்சாலையும் சொந்தமாயிருந்தது. 1950 ஜனவரி 9-ஆந் திகதி, வேலைநீக்கத்தை எதிர்த்து அத்தொழிற்சாலை வாயிலில் திரண்ட தொழிலாளர்மீது பொலிசார் சுட்டனர், அறுவர் மாண்டனர். அதே நகரில், அதே உடைமையாளரின் கீழ், ஏழாண்டுகளின் பின் பிறந்த வண்டி இது. அந்த ஆறு பேருக்கு எந்த ஏலப் பட்டியலில் இடமுண்டு?

இன்று மீட்பு வேலை செய்பவனும் கூலிக்காரனே; அவன் பெயரும் கோப்பில் ஏறாது. கதவின் உட்புறத் தோலை உரிக்கும்போது, தகட்டின் பின்புறத்தில் பழைய சுத்தியலின் தடங்கள் அவன் விரலுக்குத் தட்டுப்படும். அவற்றை அரத்தால் ராவுவதா, அப்படியே விட்டு மூடுவதா என்ற தீர்மானம் அக்கணத்தில் அவன் கையிலேதான் இருக்கிறது. கூலி கொடுப்பவரோ ராவச் சொல்லியிருக்கிறார்.