அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் ஒரு தாயாரின் வீட்டை எண்ணிப் பாருங்கள். மூத்த மகள் பிளஸ் டூ படிக்கையில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி ஒன்று அங்கே இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் வந்தது. இப்போது பாட்டரி செத்து, கம்பியில் மாட்டினால்தான் உயிர் வரும். இளைய பையன் கணக்குப் படிக்க, காசு கொடுத்து ஒரு பாட மென்பொருளை வாங்கி அதில் ஏற்றுகிறார்கள். பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதில்லை என்று வாங்கும்போதே சம்மதம் சொல்லியாயிற்று. மறுநாள் அடுத்த வீட்டம்மாள் பென் டிரைவுடன் வந்து, "அக்கா, எங்க பையனுக்கும் அதைப் போட்டுக் கொடுங்களேன்" என்கிறாள்.

என்ன செய்வது?

கொடுத்தால் சொன்ன சொல் தவறுகிறது. செய்தவனுடைய கூலியும் போகிறது. "அவன் பெட்டியில் ஒன்றும் குறையவில்லையே" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். தைத்த ஷூவுக்குக் கூலி கிட்டாவிட்டால் நாம் அப்படிப் பேசுவோமா? ஏழாம் கற்பனை கைக்கு அகப்படும் பொருளை மாத்திரம் காப்பதன்று. ஆனால் கொடுக்க மறுப்பதும் மனதை உறுத்துகிறது. உப்புக் கேட்டால் கொடுக்கிறோம். அது நம் பானையில் குறைகிறது. குறையவே குறையாத இதையோ இல்லையென்கிறோம்.

இந்த இக்கட்டைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர். கடவுள் நம்பிக்கை அற்றவர்; ஆயினும் அயலானுக்கு உதவுவதைத் தடுக்கும் நிபந்தனைக்குச் சம்மதிப்பதே தவறு என்று சொல்லி, 1983-இல் க்னூ என்னும் முயற்சியை அறிவித்தார். பிரதியைத் தடுத்து விற்பதே அநீதி என்பது அவர் கட்சி. அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனால் அவர் திறந்த வழியால் நம் வீட்டுக்கு ஒரு நன்மை வந்திருக்கிறது.

2000-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான புரூனோ குதுவேன் தொடங்கிய ஜிகாம்ப்ரி அத்தகையது. அவர்கள் பாஷையில் 'எனக்குப் புரிந்தது' என்பதுபோல் ஒலிக்கும் பெயர். இரண்டு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எழுத்து, எண், கடிகாரம் பார்த்தல், சதுரங்கம் என்று நூற்றுக்கு மேற்பட்ட பயிற்சிகள் உண்டு. சித்திரம் போட டக்ஸ் பெயின்ட் 2002-இல் வந்தது. இவற்றை ஏற்றிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலே நடக்கும். பத்துப் பேருக்குப் பிரதி கொடுத்தாலும் குற்றமில்லை. செய்தவர்களே அந்த உரிமையை எழுதித் தந்திருக்கிறார்கள்.

இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. விண்டோஸ் கணினிகளில் ஜிகாம்ப்ரி முழுவதையும் பெற 2020 வரை பணம் கட்ட வேண்டியிருந்தது. அப்போதும் அது கட்டற்றதுதான்.

ஆகையால் அந்தத் தாயார் காசு கொடுத்து வாங்கியதைப் பிரதி எடுக்க வேண்டாம். ஜிகாம்ப்ரியைப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கட்டும். வாங்கியதும் வேண்டுமென்றால், அந்தப் பையன் சாயந்திரம் வந்து தன் மகனோடு ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கட்டும். அதை எந்த நிபந்தனையும் தடுக்கவில்லை.

ஒன்று மாத்திரம். நல்ல மென்பொருளை ஏற்றியதோடு பெற்றோர் கடமை தீர்ந்ததென்று எண்ணிவிடக்கூடாது. சில விளையாட்டுகளில் பிள்ளை கண்டபடி தட்டினாலும் எப்படியாவது சரியான விடை வந்துவிடும், கணினியும் மெச்சும். கடிகாரப் பாடம் முடிந்ததும் தகப்பனார் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "அம்மா ஷிப்டு முடிந்து வர இன்னும் எத்தனை நிமிஷம்?" என்று கேட்டுப் பார்க்கட்டும்.