ஆசிரியர் பணியும் அற உரிமையும்

முன்னுரை

ஆசிரியர் பணியைத் தொண்டெனப் போற்றுவது நெடுங்கால மரபு. அப்போற்றுதலே ஆசிரியரின் உரிமையை மறுப்பதற்குக் காரணமாகலாமா என்பது ஓர் அறவியல் வினாவாகும். இந்திய நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றையும், ஆசிரியர் தகுதி குறித்த சட்டங்களையும், நன்னூல் கூறும் ஆசிரியர் இலக்கணத்தையும் கொண்டு அவ்வினா இங்கு ஆராயப்படுகிறது.

தீர்ப்புகளில் ஆசிரியர்

கோவாவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் குறிப்பிட்ட ‘தொழிலாளர்’ என்னும் சொல்லுள் ஆசிரியர் அடங்கார் என உச்ச நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்தது. கல்வி புகட்டுதல் உயரிய பணி என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. பணிக்கொடைச் சட்டத்தின் பயனும் ஆசிரியருக்கு உரியதன்று என 2004இல் கூறப்பட்டது. நாடாளுமன்றம் 2009இல் அச்சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் அப்பயன் கிட்டுமாறு செய்தது. அத்திருத்தம் செல்லும் என உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிசெய்தது.

தமிழ்நாட்டில் 2003இல் அரசு ஊழியரும் ஆசிரியரும் மேற்கொண்ட வேலைநிறுத்தத்தின்போது ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்குச் சட்ட உரிமை இல்லை என்றதோடு அற உரிமையும் இல்லை என்றது. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு வழங்குகிறது. எனினும் அச்சங்கத்தின் வலிமையான கருவி அதற்கு மறுக்கப்படுகிறது.

மாணவரின் இழப்பு

வேலைநிறுத்தத்திற்கு எதிரான அறவாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பூசல் அரசுக்கும் ஆசிரியருக்கும் இடையே நிகழ்கிறது. இழப்போ அப்பூசலில் பங்கில்லாத மாணவரைச் சேர்கிறது. ஆயினும் ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாத வகுப்பிலும் அம்மாணவரே இழக்கிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இசைவளிக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் பணிகளுக்காக ஆசிரியர் வகுப்பை விட்டுச் செல்லும்போதும் இழப்பு அவருடையதே. மாணவர் நலனே அளவுகோல் என்றால் அது இரு தரப்பாரையும் அளத்தல் வேண்டும். ஒரு தரப்பின் தியாகத்தை மட்டும் வேண்டுவது அறம் ஆகாது.

தகுதியை வரையறுப்பவர் யார்?

1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டப்படி வழக்குரைஞர்கள் தம் மன்ற உறுப்பினரைத் தாமே தேர்ந்தெடுக்கின்றனர். அம்மன்றமே அவர்தம் ஒழுக்கத்தை விசாரிக்கிறது. 1993ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தில் ஆசிரியர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் இல்லை. அக்குழுமம் 2010இல் தகுதித் தேர்வை வரையறுத்தது. பணியில் உள்ளோருள் ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் அத்தேர்வில் ஈராண்டுக்குள் வெற்றிபெற வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1இல் தீர்ப்பளித்தது. ஆசிரியர் உயர்பணியாளர் என்பதால் தொழிலாளர் உரிமை அவருக்கு மறுக்கப்படுகிறது. உயர்பணியாளருக்குரிய தன்னாட்சியும் அவருக்கு அளிக்கப்படவில்லை.

நன்னூல் காட்டும் நெறி

பவணந்தியார் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியர் இயல்பை மட்டுமன்றி, ஆசிரியர் ஆகாதார் இயல்பையும் வகுத்துள்ளார். குலத்தையும் ஒரு தகுதியாகக் கொண்ட அவ்வரையறை முழுதும் இன்றைக்கு ஏற்புடையதன்று. ஆயினும் தகுதியற்றோரை விலக்கும் பொறுப்பைக் கற்றோர் சமூகமே ஏற்றமை கருதத்தக்கது. நீர் வார்த்தவனுக்குப் பயன்படாது பிறர்க்குக் காய் தரும் முடத்தெங்கு அங்கு ஓர் உவமை. வகுப்பில் கற்பிக்காது தனிப்பயிற்சியில் கற்பிக்கும் ஆசிரியருக்கு அவ்வுவமை பொருந்தும். கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தனிப்பயிற்சியைத் தடை செய்கிறது. மிகுபொருள் கொடுப்போனையும் பாடம் கேட்கத் தக்கோருள் ஒருவனாக நன்னூல் வைத்துள்ளது. ஆசிரியரின் பொருள்தேவை அவர்தம் மேன்மைக்கு மாறானதாக அங்குக் கருதப்படவில்லை.

முடிவுரை

குற்றம் சாட்டப்பெற்ற உறுப்பினருக்காக வாதிடுவது சங்கத்தின் கடமை. அவர் குற்றவாளியா என முடிவுசெய்வது அதன் கடமை அன்று. வாதிடுபவரே நடுவராகவும் இருந்தால் மாணவருக்கு நீதி கிட்டாது. மாணவருக்குத் தீங்கிழைத்தவரைக் காக்க முற்படும் சங்கம், தான் கோரும் அற உரிமையைத் தானே இழக்கிறது. ஆகவே ஊதியமும் பணிநிலையும் காக்கும் சங்கமும், ஆசிரியரால் தேர்ந்தெடுக்கப்பெற்றுத் தகுதியும் ஒழுக்கமும் காக்கும் மன்றமும் தனித்தனியே இயங்குதல் வேண்டும். அம்மன்றத்தில் பெற்றோரும் இடம்பெறுதல் நன்று. அத்தகைய மன்றம் அமையாத வரையில் ஆசிரியரின் மேன்மையைக் காட்டி அவர்தம் உரிமையை மறுப்பது முறையன்று.