சாவி யாரிடம்?

திண்டுக்கல் என்றதும் பூட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டை விற்பவர் சாவியையும் சேர்த்தே கொடுத்து விடுகிறார். அதனால்தான் அது வாங்கியவருடைய பொருளாகிறது.

என் லினக்ஸ் கணிப்பொறிக்குக் கிராபிக்ஸ் அட்டை தேடியபோது இந்த எண்ணமே எழுந்தது. அட்டையை இயக்குவது டிரைவர் என்னும் மென்பொருள். லினக்ஸுக்கான டிரைவரின் மூலநிரலை இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் திறந்து வைத்திருக்கின்றன. என்விடியா நெடுங்காலம் மூடியே வைத்திருந்தது. 2022 மே மாதம் ஒரு பகுதியை மட்டும் திறந்தது. மூடியதைச் செய்தவரே கைவிட்டால், அதைச் செப்பனிடப் பிறருக்கு வழியில்லை.

"எனக்கு நிரலெழுதத் தெரியாதே, திறந்திருந்தால் என்ன பயன்?" என்று கேட்கலாம். எனக்குப் பூட்டுச் செய்யவும் தெரியாது. ஆனால் சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி செய்து தரத் திண்டுக்கல்லில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தைரியத்தில்தான் நிம்மதியாக உறங்குகிறோம்.

செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளே பிழைப்பானவருக்கு என்விடியா வசதியாக இருக்கலாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிழைப்பும் ஓர் அறமே. எழுத்தும் படமுமாகப் பொழுதைப் போக்கும் நானோ திறந்த டிரைவர் உள்ள அட்டையையே தேர்ந்தேன். விலை கொடுத்ததெல்லாம் உடைமையாகி விடாது. விற்றவர் மறந்த பின்னும் நமக்கு உதவுவதே உடைமை.